மூன்று மணிக்குப் பேசியவள்

இந்த மாதிரி விஷயங்களை நான் நம்புகிறவள் இல்லை, யாராவது ஆரம்பித்தாலே பாதியில் எழுந்து போய்விடுவேன், அதனால் இதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை.

சென்னையில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் அப்போது ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வாரம் நானா, அடுத்த வாரமா என்று தெரியாமலே ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது. போனில் சின்னச் சத்தம் கேட்டாலும் நெஞ்சு படபடக்கும், தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது. இதயமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஓய்வெடுங்கள் என்றார் டாக்டர். நான்கு நாள் லீவு போட்டுப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டுக்கு வந்தேன். அவள் டீச்சர். அங்கேயும் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கூடம் போனபின் வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கண்ணில் பட்ட டவுன் பஸ்ஸில் ஏறி, அது போய் நின்ற சீவலப்பேரியில் இறங்கினேன்.

நல்ல வெயில். ஆற்றங்கரைக் கல்மண்டபத்தில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். கண் விழித்தபோது மணி ஐந்து.

"நல்ல தூக்கம்மா ஒனக்கு. ரெண்டு மணிக்குச் சாஞ்சவ, அசையவே இல்ல. மூச்சு இருக்கான்னு ரெண்டு தடவ வந்து பாத்தேன்" என்றார் அந்த அம்மா, துணிகளை மடித்தபடியே.

வீட்டுக்கு வந்தால் தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"மத்தியானம் நீ பேசினதுல மனசே லேசாயிட்டுக்கா. நீ அப்படிச் சிரிச்சுப் பேசி எத்தன வருசமாச்சு!"

"நான் எங்க பேசினேன்? தூங்கிட்டுல்லா இருந்தேன்."

"வெளாடாதக்கா. மூணு மணிக்கு, எனக்குக் கிளாஸ் இல்லாத நேரம் பாத்துக் கூப்பிட்டியே."

போனை எடுத்துப் பார்த்தேன். என் விரல் வைத்தால்தான் திறக்கும் போன் அது. மூன்று மணி ஐந்து நிமிடம், தங்கையின் பெயர், இருபத்தாறு நிமிடப் பேச்சு. நம்பினால் நம்புங்கள்.

என்ன பேசினேன் என்று கேட்டேன்.

"காத்தப் பத்தி, ஆத்துல மீன் காலக் கடிக்கதப் பத்தி... வேலயப் பத்தி ஒரு வார்த்த இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவளின் முகம் மாறியது. "வைக்கும்போது மட்டும் சத்தத்தக் கொறச்சுட்ட. ஏங்க்கா பையப் பேசுதன்னு கேட்டேன். 'இவ இப்பத்தான் அசந்து தூங்குதா, எழுப்பிராத'ன்ன. யாருன்னு கேக்கதுக்குள்ள வச்சுட்ட."

அவள் எழுந்து மாவு கரைக்கப் போய்விட்டாள்.

சென்னைக்குத் திரும்பி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. வேலை இருக்கிறது, பயமும் இருக்கிறது, அன்று தூங்கியது போல் ஒரு நாளும் தூங்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் தங்கை உடனே பேசுவதில்லை. இரண்டு மூன்று நொடி சும்மா இருந்து என் குரலைக் கேட்கிறாள். பிறகு, "ஓ... நீதானாக்கா" என்கிறாள். அதில் ஒரு சின்ன ஏமாற்றம் இருக்கிறது.