காப்புக் கட்டிய ஊரில் ஜி மைனர்

போன வருடம் சென்னையில் எங்கள் இசைக்குழு நடத்திய கச்சேரிக்கு நான் போகவில்லை. ‘எங்கள்’ என்று சொல்லவே இப்போது வாய் கூசுகிறது.

நான் வாசிப்பது வயோலா. வயலினுக்கு அக்கா. உடம்பு கொஞ்சம் பெரிது, குரல் தாழ்ந்தது. கல்யாண வீட்டில் அத்தனை வேலையும் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, போட்டோ எடுக்கும்போது காணாமல் போகிற அக்கா. கொல்லிமலை அடிவாரத்து விடுதிப் பள்ளியில் வயலின் கற்றுக்கொண்டு, சென்னைக்குப் போய் இதற்கு மாறினேன். வருடக்கணக்காகக் கடைசி வரிசைதான்.

அந்தக் கச்சேரியில் மூன்று சிம்பொனிகள், மூன்றும் ஜி மைனர் என்கிற ஸ்வர வரிசையில் அமைந்தவை. அந்தக் கால ஐரோப்பாவில் சிம்பொனி என்றால் பெரும்பாலும் களிப்பான மேஜர் வரிசையில்தான் எழுதுவார்கள். அரண்மனைக்காரன் உண்டு முடித்துவிட்டுக் கேட்பது. அவன் முகம் வாடக்கூடாது. மைனரில் எழுதியது சொற்பம். அதிலும் ஜி மைனரில் எழுதினவர்களுக்கு என்ன வயிற்றெரிச்சலோ, எடுத்த எடுப்பிலேயே சண்டைதான். கேட்பவர்கள் சோகம் என்பார்கள். சோகமாவது மண்ணாவது, அது கோபம். வாசிக்கிறவளுக்குத் தெரியும்.

மூன்றில் கடைசி சிம்பொனி வயோலாக்களின் படபடப்பில்தான் தொடங்கும். மெட்டு அதற்குப் பிறகுதான் வந்து ஏறிக்கொள்ளும். இந்த முறை என்னை முதல் நாற்காலிக்கு வரச் சொன்னார் இசை நடத்துநர். நன்றாக அமைந்தால் இனி அது உன் இடம் என்றார்.

அந்த வாரம் அம்மா போன் செய்தாள். கொல்லிமலையில் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழாவுக்கு நாள் அறிவித்திருந்தார்கள். “காப்புக் கட்டறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ கண்ணு” என்றாள். காப்புக் கட்டிவிட்டால் அந்த நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள் நோம்பி முடிகிறவரை வெளியே இராத்தங்கக் கூடாது. பொழுது சாய்ந்துதான் காப்பு என்றாள். மத்தியானப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடலாம் என்று வயோலாப் பெட்டியோடு மலையேறினேன்.

சோற்றில் கை வைத்திருந்தேன். கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்டது.

“என்னம்மா இது, இப்பவேவா?”

“நேரம் மத்தியானமே நல்லா இருக்குதுன்னு நேத்தே மாத்திட்டாங்க கண்ணு.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும். நீ வந்தா நோம்பிக்கு இருப்பீன்னுதான்...” என்று ரசத்தை ஊற்றினாள். பெற்ற தாயை என்னவென்று திட்டுவது? மனசுக்குள் எல்லாம் திட்டினேன்.

மீறிப் போயிருக்கலாமே என்று சென்னையில் கேட்கிறார்கள். எனக்குச் சாமி பயம் இல்லை. ஊர் பயம் உண்டு. முன்பொரு நோம்பிக்கு ஒரு வீட்டுப் பையன் இப்படிப் போய்விட்டான். அப்புறம் எந்தக் குழந்தைக்கு அம்மை போட்டாலும் அவன் அம்மாவைத்தான் கரித்துக்கொட்டினார்கள். என் அம்மா இந்த ஊர்க் குழாயில்தான் தண்ணீர் பிடித்தாக வேண்டும்.

மறுநாள் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தக் கடைசி சிம்பொனியின் தொடக்கத்தை வாசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப்பார்த்து, “ஏனுங்க, ஊட்ல ஆருக்காச்சும் ஒடம்பு சொகமில்லீங்களா?” என்று கேட்டார். அம்மா வந்து வில்லைப் பிடித்துக்கொண்டாள். “நோம்பியும் அதுவுமா ஒப்பாரி வெக்காத சாமி.”

அன்று சாயங்காலம்தான் அந்தச் சங்கதி தெரிந்தது. அண்ணன் பிக்கப் வண்டி வைத்திருக்கிறான். கோயம்பேட்டுக்கு அன்னாசி ஏற்றிக்கொண்டிருந்தான். பிழைப்புக்குப் போகிறவர்கள் பூசாரியிடம் உத்தரவு வாங்கி, ஊர் எல்லையில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போகலாமாம். இத்தனை நாள் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவன் போகிறது சென்னைக்கு. நாளைக்குக் கச்சேரி. பக்கத்து சீட்டு காலி!

பூசாரியிடம் ஓடினேன். அவர் நல்ல மனுஷர், பொறுமையாகக் கேட்டார். “சம்பள வேலைன்னா பூப் போட்டுச் சாமிகிட்ட உத்தரவு கேட்டர்லாம் கண்ணு. இது வாசிக்கறதுங்கற. எதுக்கும் உங்கண்ணன் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்” என்றார்.

அண்ணன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஒரு வார்த்தை சொல்லுண்ணா. ஒரே ஒரு வார்த்தை.”

“நானும் போயி நீயும் போனா ஊரு என்ன பேசும்? அம்மாவ ஆரு பாத்துக்குவா?”

“இது என் பொழப்புண்ணா.”

“அன்னாசி அழுகிப் போயிரும் புள்ள. உம் பாட்டு அழுகியா போயிரும்? அடுத்த வருசம் வாசிச்சுக்கலாம்.”

கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். எல்லையில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வளைவில் இறங்குகிறவரை நின்று பார்த்தேன். நாசமாய்ப் போக என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணனாயிற்றே என்று அடுத்த நொடியே பதறவும் செய்தேன், அதுவேறு கேடு.

நடத்துநருக்குப் போன் செய்தேன். “பரவாயில்லை, பார்த்துக்கொள்கிறோம்” என்றார். அவ்வளவு சட்டென்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குப் பதில் உட்கார்ந்த பெண்தான் இன்றுவரை அந்த நாற்காலியில் இருக்கிறாள். நன்றாக வாசிக்கிறாள், அதுதான் எரிகிறது.

கச்சேரிக்கு மறுநாள் அண்ணன் திரும்பி வந்தான். நல்ல விலை போனதில் முகமெல்லாம் சிரிப்பு. சாப்பிட உட்கார்ந்ததும், “நேத்து உங்க ஹால் பக்கமாத்தான் புள்ள வந்தேன். வாசல்ல ஒரே காரு. என்னா கூட்டம்ங்கற!” என்றான்.

“உள்ளே போனியாண்ணா?”

“உள்ள எதுக்கு? நீதான் அங்க இல்லியே” என்றான்.

அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.