வெறும் கதிரைகளுக்கு அறுகரிசி

சென்ட் லோரன்டில், ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கக் காத்திருக்கும் இடத்தில்தான் அந்த அக்காவைச் சந்தித்தேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே யாரைக் கூப்பிட்டாலும் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டுவார். தன் பெயர் இல்லை என்றதும் கழற்றுவார். கையிலிருந்த போனில் பழைய ஹொலிவுட் நடிகை ஒருத்தி சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“முப்பது வயசிலை செத்திட்டா, தங்கச்சி. கொஞ்ச வருசம்தான் நடிச்சவ. இந்தப் படம் தியேட்டருக்கு வரேக்கை அவ உயிரோடை இல்லை.”

“இங்கை இருந்துகொண்டு ஏனக்கா இதைப் பாக்கிறியள்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “மகளுக்கு ஆவணியிலை கலியாணம். போன கிழமை வீடியோக்காரரிட்டைப் போய், பட்டுச்சீலை உடுத்து, பொம்பிளை மாப்பிளை இருக்கிற மாதிரி நினைச்சு ரெண்டு வெறும் கதிரைக்கு, அறுகம்புல்லும் அரிசியும் கலந்த அறுகரிசி போட்டு வாழ்த்துற மாதிரி எடுப்பிச்சு வைச்சிருக்கிறன். அப்ப நான் இல்லாட்டி, கலியாண வீடியோவிலை சேர்க்கலாம். ஐஞ்சு தரம் எடுத்தவர். நாலிலை அழுதிட்டன். மகளுக்குத் தெரியாது.”

கதவு திறந்தது. இம்முறை அவர் பெயர்தான். பொத்தான் விரலுக்குள் நிற்கவில்லை. நான்தான் பூட்டிவிட்டேன்.

ஆவணி போய்விட்டது. அந்தக் கலியாண வீடியோவில், அவர் அறுகரிசி போட்டபோது கதிரைகளில் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்களா என்று இன்னும் யோசிக்கிறேன்.