சுமைப் பட்டியைத் தொட்டுப் பார்த்தவர்

மீன் தொழிற்சாலையில் பெட்டி கழுவத் தொடங்கியவன் நான். ஏழாம் வகுப்புப் படிப்போடு டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரில் சொந்தமாக டயர்க் கடை போட்டேன்; வங்கி இரண்டு தரம் மறுத்த பிறகும் போட்டேன். இன்று துறைமுகத்து லொறிகளில் பாதி என் கடை வளவுக்குத்தான் வருகின்றன.

அப்படி வந்தவர்தான் அவர். கோடையிலும் கம்பளித் தொப்பி போட்டிருப்பார். வீட்டை ஈடு வைத்து, இரும்பு ஏற்றும் திறந்த லொறி ஒன்று வாங்கியிருந்தார். பெரிசு ஒன்று, சின்னது ஒன்று என இரண்டு கம்பனிகள் தங்களுக்கு ஓட வரும்படி கூப்பிட்டிருந்தன. அன்றைக்கே பதில் சொல்லவேண்டும்.

“பெரிசுக்குப் போம். கந்தோரே கண்ணாடி மாளிகை,” என்று பெரிய கம்பனியின் அலுவலகத்தைப் புகழ்ந்தேன்.

“கந்தோரிலயோ அண்ணை நான் இரும்பு ஏத்தப்போறன்?”

இரண்டு கம்பனிகளின் லொறிகளும் டயர் மாற்ற வந்து என் வளவில் நின்றன. சுமை கட்டும் பட்டிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். அது அவருடைய பழக்கம். சின்னக் கம்பனி லொறியின் பட்டிகள் முழுசாக இருந்தன; பெரிய கம்பனி லொறியில் அறுந்த பட்டி ஒன்றை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். அதன் சாரதியிடம் டேனிஷில் ஏதோ கேட்டுவிட்டு வந்தார்.

“முடிச்சு விழுந்த பட்டி பாரம் தாங்காது, அண்ணை. புதுசு கேட்டு மூண்டு கிழமையாம், இன்னும் குடுக்கேல்லையாம். நான் சின்னதுக்கே போறன்.”

இன்றும் அங்கேதான் ஓடுகிறார். எத்தனையோ தரம் அந்த லொறிகளுக்கு டயர் மாற்றிய என் கண்ணில் அந்த முடிச்சு ஏன் படவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனாலும் இரண்டு லொறிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்தவன் நான். அவர் கதையை யார் சொன்னாலும் அதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.