அடைக்காத குழாய்

ஹனோவரில் எங்கள் மூத்த மகளின் கல்லறையை அகற்றவிருந்த குளிர்காலத்தில்தான் நான் மெக்சிக்கோப் பக்கம் வாழ்ந்த மாயர்களின் பழைய கோயில்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். தேடி எடுத்த புத்தகமல்ல. நான் வேலை செய்யும் நூலகத்தில் கழித்து ஒதுக்கியவற்றுள் ஒன்று. கனமான, படங்கள் நிறைந்த ஜெர்மன் புத்தகம்.

மகள் பிறந்த வாரமே இறந்துபோனாள். அப்போது இந்த நாடு எங்களுக்குப் புதிது. மயானத்தில் குழந்தைகளுக்கென இருந்த வரிசையில் இடம் தந்தார்கள். எங்கள் ஊர்ச் சேமக்காலையில் கல் சாய்ந்தாலும், பெயர் அழிந்தாலும், புதைத்த இடம் புதைந்தவருடையதே. இங்கும் அப்படித்தான் என்று நம்பினோம். கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இங்கே கல்லறைக்கும் தவணை உண்டு, அது முடிந்தால் அகற்றிவிடுவார்கள் என்பதும், வரிசைக் கல்லறைகளுக்கு அந்தத் தவணையை நீட்ட முடியாது என்பதும் பல வருடங்கள் கழித்து, கல்லின்மேல் ஓர் அறிவித்தலை ஒட்டிய பிறகே தெரிந்தன.

சனிக்கிழமைதோறும் அங்கே போனவர் என் கணவர். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்ததும், உடுப்பு மாற்றாமலே போவார். அடியில் கூர் வைத்த பூச்சாடி ஒன்றை மண்ணில் குத்தி வைத்திருந்தார். அதில் தண்ணீர் மாற்றுவார், பூ வைப்பார். பிறகு குந்தியிருந்து மெல்லிய குரலில் பேசுவார். என்ன பேசுகிறார் என்று நான் கேட்டதில்லை. அறிவித்தலைப் பார்த்த நாளிலிருந்து அவர் மகளைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

மாலைகளில் அவர் வெங்காயம் உரிக்க, நான் எதிரே இருந்து புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவது எங்கள் வழக்கம்.

“பழைய கோயிலை இடிக்கமாட்டினமாம். அப்பிடியே உள்ளுக்கை விட்டிட்டு, அதுக்கு மேல இன்னொண்டு கட்டுவினமாம்” என்றேன்.

“உதை எங்கட கோயில் கொமிற்றிக்குச் சொல்லிப்போடாதையும். நாளைக்கே காசு சேர்க்க வெளிக்கிட்டிடுவினம்.”

பல நாட்களுக்குப் பின் அவர் பகிடி விட்டது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது. தொடர்ந்து வாசித்தேன். மாயர்களுக்குக் கோயில் என்பது ஒரு மலை. அதன் வாசல் மலையின் திறந்த வாய். சில கோயில்களில் அந்த வாய்க்குப் பற்களும் செதுக்கியிருந்தார்கள். மலைக்குக் கீழே இறந்தவர்களின் உலகம், அதற்கு ஒன்பது தளங்கள். பலெங்கே என்ற நகரில் ஓர் அரசனைப் புதைத்து, அவனுக்கு மேலே ஒன்பது அடுக்குகளில் ஒரு பிரமிடு எழுப்பினார்கள். உச்சியிலுள்ள கோயிலின் தரையிலிருந்து அவனுடைய அறைவரை, உள்ளே ஒரு படிக்கட்டு இறங்குகிறது. எல்லாம் முடிந்தபின் அந்தப் படிக்கட்டைக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள். ஆனால் படிகளின் ஓரமாக, அறையிலிருந்து கோயில்வரை, ஒடுங்கிய கற்குழாய் ஒன்றை விட்டிருந்தார்கள்.

அவருடைய கத்தி நின்றது.

“என்னத்துக்குக் குழாய்?”

“மேல நிக்கிறவையும் கீழ கிடக்கிறவரும் கதைக்கிறதுக்காக இருக்கும் எண்டு எழுதியிருக்கு. அவற்ற மூச்சு வந்து போறதுக்கு எண்டும் சொல்லினம்.”

“படியை அடைச்சவை அதை அடைக்கேல்லையோ?”

“இல்லை.”

“திரும்ப ஒருக்கா வாசியும்.”

வாசித்தேன். கேட்டு முடித்ததும் உரித்த வெங்காயங்களை ஒருபக்கம் ஒதுக்கிவைத்தார். “மயான ஒஃபிசில போய்ச் சந்திக்க ஒரு டெர்மின் எடும். கீழ இருக்கிறதையும் கிளறுவினமோ எண்டு கேக்கவேணும்” என்றார்.

அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமையானவர். கீழே எதையும் தொடமாட்டோம், கல்லையும் கரைக்கற்களையும் எடுத்து, நிலத்தை மட்டமாக்கிப் புல் விதைப்போம் என்றார். விரும்பினால் குடும்பத்தினரே அதைச் செய்யலாம் என்றும் சொன்னார். கணவர் அந்த முதல் வாக்கியத்தை என்னைக்கொண்டு மறுபடியும் கேட்பித்தார். அதன் பிறகுதான், “வேறை ஆக்கள் கை வைக்கவேண்டாம். நான் செய்யிறன் எண்டு சொல்லும்” என்றார்.

பனி உருகி மண் இளகிய பிறகு போனோம். குளிர்காலச் செடிகளை வேரோடு எடுத்தார். கரைக்கற்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினார். பெயர் எழுதிய சிறிய கல்லைப் போர்வையில் சுற்றிக் காரில் வைத்தோம். கடைசியாகப் பூச்சாடியைப் பிடுங்கியபோது, மண்ணில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை எஞ்சியது. நான் கைநிறைய மண்ணோடு அதை மூடக் குனிந்தேன்.

“அதை விடும்.”

நான் கை கழுவும் சாட்டில் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அந்தத் துளைக்கு மேலே குனிந்திருந்தார். பிறகு புல் விதையை அதைச் சுற்றித்தான் தூவினார், துளையைத் தொடவில்லை.

அதன் பிறகும் சனிக்கிழமைகளில் போவார். கோடையில் முழங்கால் சத்திரசிகிச்சை நடந்ததால் மாதக்கணக்கில் அவரால் போக முடியவில்லை. நவம்பரில், இறந்தவர்களின் திருநாளன்று, மெழுகுதிரியோடு இருவருமாகப் போனோம். வரிசையில் இருந்த மற்றக் கல்லறைகளும் அகற்றப்பட்டிருந்தன. ஒரே புல்வெளி.

“இதுதான்” என்று அவர் பேர்ச் மரத்தருகே நின்றார்.

“இல்லையப்பா, தண்ணிக் குழாய்க்கு நேரை.”

“உமக்கு எப்ப திசை தெரிஞ்சது?”

“அப்ப காருக்குப் போற வழியை ஒவ்வொருக்காவும் ஆர் சொல்லுறது?”

சிரித்தார். பிறகு, சுகப்பட்டும் மடங்க மறுத்த அந்த முழங்காலை ஊன்றி, புல்லை விரல்களால் விலக்கித் துளையைத் தேடத் தொடங்கினார். மழையும் வேரும் அதை எப்போதோ மூடியிருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. என் மனத்தில் இருந்த இடம் வேறு. ஆனாலும் மெழுகுதிரியை அவர் பக்கத்தில் ஏற்றி வைத்தேன். பேசுவதற்கு இடம் வேண்டியிருந்தது அவருக்குத்தான்.

பேசட்டும் என்று சற்று விலகி நின்றேன். அவர் பேசவில்லை. புல்லை விலக்கிக்கொண்டே இருந்தார்.