கூரையில்லாத காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தோட்டப் பாடசாலையில் இடைவேளை மணி அடித்து, பிள்ளைகளைக் கை கழுவ வரிசையில் விட்டுக்கொண்டிருந்தேன். தோட்டத்து மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டரை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு, காதில் போனை வைத்தபடியே உள்ளே வந்தார். அவர் சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் சரளமாக வரும் என்பதால் நாங்கள் அதில்தான் பேசிக்கொள்வோம். அன்று அவர் பாதிப் பேச்சைப் போனுக்கும் மீதியை எனக்குமாகக் கொடுத்தார்.

"டீச்சர், வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில ஸ்டோருக்கு முன்னால கார் வரும். கென்சர் விசயம். நீங்க கட்டாயம் அதுல போகணும். நான் சொல்லி வச்சிட்டேன்."

"எங்க மிஸ் போகணும்?"

"பலாங்கொடைக்கு. பின்னேரம் கொண்டாந்து விட்டுருவாங்க." மறுபடி போனுக்குத் திரும்பி, கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு முந்திய வருஷம் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடப்பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றிய மாதங்களில் வத்தளையில் தங்கை வீட்டில் இருந்தேன். தோட்டத்தில் இது மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் என் கணவருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தோம். அது என் கணவரின் யோசனை. "கல்லுன்னு சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்க மாட்டாங்க" என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒட்ட முளைத்த தலையோடு நான் திரும்பி வந்தபோது, நேர்த்திக்கடனுக்கு முடி இறக்கினேன் என்றதையும் எல்லோரும் நம்பினார்கள்.

ஆகவே மிஸ் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துகொண்டேன். ஏதோ பரிசோதனை முகாம், நோயாளிகளை ஏற்றிப்போகக் கார் அனுப்புகிறார்கள். ஞாயிறு காலை ஒரு துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல், மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டேன். இரத்தம் எடுப்பார்கள் என்று தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் கணவர் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். அவரும் கூட வந்தார்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் முற்றத்தில், நான் படங்களில்கூடப் பார்த்திராத கார்கள் வரிசையாக நின்றன. சிவப்பு, பச்சை, பாலாடை நிறம். சிலவற்றின் முன்விளக்குகள் தவளைக் கண்கள் போலப் பிதுங்கியிருந்தன. தொப்பி போட்ட ஆண்களும் பெண்களும் ஆங்கிலத்தில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்புலன்ஸ் ஒன்று மட்டும் ஓரமாக நின்றது. நான் நேராக அதனிடம் போனேன். அதன் சாரதி, "இது விபத்து ஏதும் நடந்தா மட்டும்தான் நோனா. நீங்க அந்தப் பக்கம் போங்க" என்று கார்களைக் காட்டினார்.

எல்லாக் கார்களின் கதவிலும் மூன்று மொழியில் ஒரு ஸ்டிக்கர். தமிழில் 'புற்றுநேயை வெல்வோம்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. பையில் பேனா இருந்தது. திருத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது மிட்வைஃப் மிஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்து, கூரையே இல்லாத ஒரு பச்சைக் காரிடம் கூட்டிப்போனார்.

அதன் ஸ்டியரிங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். நரைத்த முடியைச் சிவப்புத் துணியால் இறுக்கக் கட்டியிருந்தார். "ஏறுங்க டீச்சர். எனக்கு வழி சொல்லப் போறது நீங்கதான்" என்று சிங்களத்தில் சொல்லி, ஒரு அட்டையையும் பெரிய கடிகாரம் ஒன்றையும் என் மடியில் வைக்க நீட்டினார்.

"எனக்கு வழி தெரியாதுங்க. நான் பரிசோதனைக்கு வந்தேன்" என்றேன்.

அவர் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் என்னைப் பார்த்தார். அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. இது பழைய கார்களின் ஓட்டப் போட்டி. புற்றுநோய் பற்றி மக்களுக்குச் சொல்லவும், ஒரு ஆஸ்பத்திரி வார்டுக்குப் பணம் சேர்க்கவும் நடத்துகிறார்கள். ஒவ்வொரு காரிலும் நோயிலிருந்து மீண்ட ஒருவர் உட்கார வேண்டும். எங்கள் தோட்டத்துக்கு நான்.

"அன்னைக்கே சொன்னேனே டீச்சர்" என்றார் மிஸ். சொன்னாரா, போனுக்குச் சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். துணைக்காக என் கணவரைத் தேடினேன். அவர் பச்சைக் காரின் பொனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாரோ ஒருவரிடம் காபரேட்டர் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்தவரின் முகம் அப்படியொரு சந்தோஷத்தில் இருந்தது. என் வியாதிக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. "ஏறு புள்ள, ஏறு. இதுல எல்லாம் நம்மள யாரு ஏத்துவா?" என்றார். நான் பையோடு ஏறி உட்கார்ந்தேன்.

கார் கிளம்பியதும் முதலில் என் சேலைத் தலைப்பு பறந்து அந்த அம்மாவின் முகத்தை மூடியது. அவர் அதை ஒரு கையால் சுருட்டி என்னிடம் தந்தபடியே வளைவில் திருப்பினார். அட்டையில் அம்புக்குறிகள் இருந்தன. கோயில் தாண்டி இடம், பாலம் தாண்டி வலம் என்று நான் கத்த வேண்டும். வீட்டிலிருந்து பாடசாலைக்குத் தினமும் நடக்கிற பாதைதான். ஆனால் அந்த வேகத்தில் எந்தக் கோயில், எந்தப் பாலம் என்று பிடிபடவில்லை. இரண்டு இடத்தில் தவறாகச் சொன்னேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் மலையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். என்னை அடையாளம் கண்டவர்கள் கையை அசைத்தார்களா, வாயில் வைத்தார்களா என்பதும் தெரியவில்லை.

வேகமாகப் போய் முதலில் சேர்வதுதான் போட்டி என்று நினைத்திருந்தேன். திடீரென்று அவர் ஒரு கித்துல் மரத்தடியில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"ஏன் நிப்பாட்டிட்டீங்க?"

"நாம முந்திட்டோம். அடுத்த வளைவுல மணி பார்க்கிறவங்க இருக்காங்க. நேரத்துக்கு முந்திப் போனாலும் புள்ளி வெட்டுவாங்க, பிந்திப் போனாலும் வெட்டுவாங்க."

"அப்ப எதுக்கு அவ்வளவு வேகமா வந்தோம்?"

"அது எனக்குப் பிடிக்கும்" என்றார்.

பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மீன் அடைத்த பன், ஒரு மாலுபான், எனக்குத் தந்தார். வாசனையில் எனக்குத் தலை சுற்றியது. கையில் வாங்கிக்கொண்டு, "நான் சாப்பிடலாமா?" என்று கேட்டேன். அவர் விழித்தார். இரத்தப் பரிசோதனை என்று நினைத்து வெறும் வயிற்றோடு வந்ததைச் சொன்னேன். அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாப்பிட்டபடியே, "உங்க வீட்ல யாருக்கு இந்த வருத்தம், இந்த வியாதி?" என்று கேட்டேன். இப்படி ஞாயிற்றுக்கிழமையை விட்டு வருகிறவருக்கு ஏதாவது ஒரு இழப்பு இருக்கும் என்று நினைத்தேன்.

"யாருக்கும் இல்லை. எனக்குக் கார் ஓட்டணும். இந்த வயசுல சும்மா வேகமா ஓட்டப் போறேன்னு சொன்னா மகன் சாவியை ஒளிச்சு வைப்பான். பொலிஸ் ரோட்டை மூடித் தராது. கென்சருக்காகன்னு சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க." பிறகு என்னைப் பார்த்து, "கோவமா?" என்றார்.

கோபம் வர வேண்டும் என்றுதான் தோன்றியது. என் வியாதியைச் சொல்லி ஒருவர் சாவி வாங்கியிருக்கிறார். ஆனால் அவ்வளவு நேர்மையாக என்னிடம் அதுவரை யாருமே பேசியதில்லை. வியாதி தெரிந்த மற்றவர்கள் என்னோடு குரலைத் தாழ்த்தியே பேசினார்கள்.  அவர் கேள்விக்குப் பதிலாக நான் என் கதையைச் சொல்லத் தொடங்கினேன். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதை, அது வலிக்காததால் பாடசாலைத் தவணை ஒன்று முழுவதும் அப்படியே விட்டதை, வார்டில் பக்கத்துக் கட்டில் பெண் எனக்குத் தலை துவட்டியதை. கணவரிடம்கூட அப்படி வரிசையாகச் சொன்னதில்லை. காயக்கட்டை அவிழ்த்து முதன்முதலாகக் கண்ணாடியில் பார்த்த இடத்துக்கு வந்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்து, "நேரமாச்சு டீச்சர், போவோம். மிச்சத்தை அப்புறம் சொல்லுங்க" என்று எஞ்சினைக் கிளப்பினார்.

மிச்சத்தைச் சொல்ல நேரம் வரவே இல்லை.

பலாங்கொடையில் ஒரு மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கடைத்தெருவுக்கு வந்த சனம் எல்லாம் கார் பார்க்கக் கூடியிருந்தது. எங்கள் தோட்டத்துச் சனமும் இருந்தது. குறுக்கு வழியில் லொறியில் வந்திறங்கிய என் கணவர் லொறிக்காரச் சினேகிதர்களோடு முன்வரிசையில் நின்றார். எங்களுக்கு எந்த இடமும் கிடைக்கவில்லை. நான் தவறாகச் சொன்ன வழிகளுக்கே நிறையப் புள்ளி போயிருக்கும். அந்த அம்மா காரின் பொனட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு மீண்டு வந்தவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். அறிவிப்பாளர் சிங்களத்தில் சொன்னதையே தமிழிலும் சொன்னார். "மார்பகப் புற்றுநோயிலிருந்து குணமடைந்த தோட்டப் பாடசாலை ஆசிரியை." ஒலிபெருக்கி பஸ் நிலையம் வரை கேட்டிருக்கும். கூட்டத்தில் என் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி நின்றாள். அவள் பார்வை என் முகத்திலிருந்து கீழே இறங்கி, சட்டென்று வேறு பக்கம் திரும்பியது. என் கணவர் கைதட்டத் தூக்கிய கைகளைத் தட்டாமலே வைத்துக்கொண்டு நின்றார். சால்வை போட்டார்கள். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எதற்காகத் தட்டுகிறார்கள், நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. சொன்ன நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனேன், கொடுத்த மருந்தை எடுத்தேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து என் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "கல்லுன்னு சொன்னோமே. இப்ப என்னத்தச் சொல்றது?" என்றார்.

"இனி என்னத்தச் சொல்ல இருக்கு? அவங்களே சொல்லிட்டாங்களே."

"அதான்" என்றார். பிறகு, "கார் எப்படி இழுத்துச்சு? மேட்டுல மூச்சு வாங்குச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். நான் டொபி பங்கிட்டபோது ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அம்மா ஒங்க கையால வாங்க வேணாம்னு சொன்னிச்சு டீச்சர்" என்றாள், மரியாதையாகத்தான். அதே நாள் பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பெண் எங்கள் குசினி வாசலில் வந்து நின்றாள். மலையிலிருந்து நேராக வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

"டீச்சர், வலிக்குமா?"

"எது?"

"அந்தக் கட்டி. எனக்கு வலியே இல்ல. வலிச்சாத்தானே வருத்தம்னு இருந்துட்டேன்."

எனக்கும் வலிக்கவில்லை என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஆறுதல் சொல்ல நினைத்து அவளைப் பயமுறுத்திவிட்டேனோ என்று குழம்பினேன். மறுநாள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கூட்டிப்போனேன். மிஸ் கடிதம் தந்து இரத்தினபுரிக்கு அனுப்பினார். நானும் கூடப் போனேன். அது அதேதான். இன்னும் சிறிதாக இருக்கிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டொக்டர் சொன்னார்.

அவளுடைய புருஷன் எங்கள் வீட்டுக்கு வந்து சண்டை போட்டான். "நீங்க கார்ல போயி மைக்குல சொல்ற வரைக்கும் எம்பொண்டாட்டி நல்லாத்தான் இருந்திச்சு. நீங்க சொல்லப்போயித்தான் இது வந்திருக்கு" என்றான். என் கணவர் அவனை உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். பிறகு அவரே, நான் எதிர்பாராத குரலில், என் ஆப்பரேஷன் நாளில் ஆஸ்பத்திரிக்கு வெளியே கடை வாசலில் தான் எப்படி நின்றார் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அதை நானும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த மனிதன் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான். ஆனால் அடுத்த கிளினிக்குக்கு அவனே அவளைக் கூட்டிப்போனான்.

அதன்பிறகும் சில பெண்கள் வந்தார்கள். சிலர் நான் வருவதைக் கண்டால் பாதையை மாற்றினார்கள். ஒரே வீட்டில் மாமியார் பாதையை மாற்றுவார், மருமகள் குசினி வாசலுக்கு வருவாள். நான் யாருக்கு நல்லது செய்தேன், யாருக்குத் தொந்தரவு செய்தேன் என்று கணக்குப் பார்க்கப் பார்க்கக் கணக்கு மாறிக்கொண்டே இருந்தது.

கீழ் லயத்துப் பெண்ணுக்கு ஆப்பரேஷன் முடிந்து, மருந்தும் முடிந்துவிட்டது. போன மாதம் இருவரும் இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பெல்மதுளை தாண்டியதும் அவள் கேட்டாள்.

"டீச்சர், அன்னைக்கு மேடையில நீங்க பயப்படவே இல்லியா?"

"என்ன நடக்குதுன்னே தெரியாம நின்னேன். பயப்படவே நேரமில்ல."

"எனக்கும் அப்படித்தான். எல்லாம் முடிஞ்ச பொறகுதான் பயம் வருது."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் ஓப்பநாயக்கவில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. எங்களிடம் ஒரு குடைதான் இருந்தது. மலைப்பாதையில் இரண்டு பேருமாக அதற்குள் ஒடுங்கி நடந்தோம்.