கூடைக்கு மேலே இருந்த ஊர்

நான் பிறந்ததிலிருந்து புதுச்சேரிக்காரன். எங்கிருந்தோ வருகிற ஜனங்கள் கடற்கரைச் சாலையில் நின்று பழைய கட்டடங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். சுவருக்கு மஞ்சள் அடித்தால் அதைப் பார்க்க ஒரு கூட்டமா என்று முணுமுணுப்பேன். நாங்கள் உள்ளூர்க்காரர்கள் அங்கே போனால் கடலைப் பார்த்து உட்காருவோம். அந்தக் கட்டடங்கள் இத்தனை வருஷமாகப் பார்த்தது எங்கள் முதுகை மட்டும்தான்.

அக்காவுக்குக் கண் மங்கிய பிறகுதான் இந்தத் திமிர் இறங்கியது.

அக்கா அரியாங்குப்பத்தில் இருக்கிறாள். நான் மில்லில் வேலை பார்த்த காலத்திலும், மில் மூடி வாட்ச்மேன் ஆன பிறகும், அவள் காலை பஸ் பிடித்து, ஆற்றைத் தாண்டி வந்து, பிரெஞ்சுக்காரர்கள் போட்ட தெருக்களில் கீரை விற்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். போன வருஷம் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அவளைச் சோதித்துவிட்டு, கண்ணில் நீர் அழுத்தம் என்றார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, சொட்டு மருந்து விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றார்கள். அக்கா அழவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னாள்.

"கண்ணு முழுசா போறதுக்குள்ள நான் கீர வித்த தெருவுங்கள ஒரு தடவ பாத்துடணும்டா தம்பி."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத நேரம் அது. "முப்பது வருஷமா அங்கதான சுத்துன? இன்னும் என்னா பாக்கணும்?"

"தலையில கீரக் கூட இருந்துச்சே. எப்படி அண்ணாந்து பாப்பேன்?"

தலையில் கூடையோடு நடப்பவள் கழுத்தை அசைக்க முடியாது. வாசற்படி, கதவு, காலடியில் குரைக்கும் நாய், கீரை வாங்க வரும் சமையற்காரம்மாவின் முகம், அவ்வளவுதான். அதற்கு மேலே ஊர் என்று ஒன்று இருப்பதையே அவள் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில், மஞ்சள் வீடு ஒன்றின் முன்னால் நின்றாள். படியைத் தொட்டுப் பார்த்தாள். தினமும் கூடையை இறக்கி வைத்த படி. பிறகு முகத்தை மெதுவாக மேலே தூக்கினாள். பார்வை குறுகிவிட்டதால், சுவரைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியிருந்தது.

"இந்த வூட்டுக்கு மாடி இருக்குதா?" என்றாள்.

சிரிக்கலாமா என்று யோசித்து, நானும் அண்ணாந்து பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. மரத்தாங்கிகள் மேல் நீண்ட பால்கனி, அதன்மேல் ஏறிப் படர்ந்த காகிதப்பூ, கூரை விளிம்பில் சுண்ணாம்பில் செய்த கொடிகள். வரிசையாக மூன்று பச்சை ஜன்னல்கள். இரண்டு திறந்திருந்தன, நடுவில் உள்ளது மட்டும் சாத்தியிருந்தது. அக்காவின் பார்வை அதில்தான் நின்றது. யாரோ ஒரு கொத்தன் சாரத்தில் நின்று, கீழே நடப்பவர்கள் பார்ப்பார்களோ மாட்டார்களோ, ஒவ்வொரு இலையையும் இழைத்திருக்கிறான். இதைத்தானா நான் மஞ்சள் அடித்த சுவர் என்றேன்?

அங்கிருந்து கடற்கரைக்குப் போனோம். அங்கே இருக்கும் பெரிய சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களை ஒவ்வொன்றாகத் தடவி, எட்டு என்று எண்ணி முடித்தாள். செஞ்சியிலிருந்து வந்தவை என்று சொன்னேன். "இத்தாம் பெரிய கல்ல எப்படிடா கொண்டாந்தாங்க?" என்று கேட்டுவிட்டு, தூணின் உச்சி வரை பார்க்க முயன்று தள்ளாடினாள். பிடித்துக்கொண்டேன். பிறகு கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் கடல் பக்கம். அவள் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய கலங்கரை விளக்கத்தை அடியிலிருந்து நுனி வரை பார்த்தாள். வெயில் ஏறும் வரைக்கும் அவள் எழவில்லை. நானும் பாதியில் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அவளுக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரிகிறது. மாதம் ஒரு முறை அந்த மஞ்சள் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்வாள். படியோரம் நின்று ஒரே கேள்விதான் கேட்பாள்.

"நடு ஜன்னல தொறந்தாங்களா?"

இல்லை என்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

போன வாரம் திறந்திருந்தது. தலை நரைத்த அம்மா ஒருத்தர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தொறந்திருக்குதுக்கா. ஒரு அம்மா நின்னுக்கினு நம்மளயே பாக்குறாங்க."

அக்காவின் கை தானாகத் தலைக்குப் போனது. கூடை இருந்த இடத்தைத் தொட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு கையை இறக்கினாள். முகத்தை நன்றாக மேலே தூக்கினாள்.

"நானும் அவங்களதான் பாக்குறேன்னு சொல்லுடா" என்றாள்.