கழற்றி வைத்த இமைகள்

எங்கள் அத்தை மத்தியானங்களில் தன் இமைகளைக் கழற்றிக் கழுவுவாள். இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். உச்சிப்புளிக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில், மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

அவள் அய்யாவின் தங்கை. டைபாய்டில் கொட்டிய தலைமுடி திரும்ப வளர்ந்தது. கண்ணிமை முடி மட்டும் வளரவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கண்களைப் பார்த்துவிட்டுக் காப்பியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதன் பிறகுதான் அய்யா மதுரைக்குப் போய் ஒட்டு இமை வாங்கி வந்தார். ஒரே ஜோடி. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போய்வந்ததும் அத்தை அதைக் கழற்றி, பஞ்சில் தேங்காயெண்ணெய் தொட்டுப் பசையை ஊறவைப்பாள். காலில் தைத்த கருவேல முள்ளை எடுப்போமே, அந்த முள்வாங்கியால் பசையை உரித்து வெள்ளைத் துணியில் காயப்போடுவாள்.

நான் முதன்முதலில் பார்த்த மத்தியானம் கடல்காற்று ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது. துணியின் மேல் இரண்டு கண்கள் மூடித் தூங்கின. முகத்திலிருந்த இரண்டும் மூடாமல் என்னைப் பார்த்தன.

"ஏலே, அங்கன நின்னு மூச்சு விடாத. பறந்துரும்" என்றாள்.

எது பறக்கும் என்று கேட்காமலே ஓடிவந்துவிட்டேன். பேய் கண் சிமிட்டாது என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். இரும்புக்குப் பேய் அஞ்சும் என்பதும் அவன் சொன்னதுதான். அரைஞாண்கயிற்றில் பழைய சாவி ஒன்றைக் கட்டிக்கொண்டேன். நடந்தால் அது டவுசர் பக்கிளில் மோதிக் கிணுகிணுக்கும். பேயிடமிருந்து ஒளிய நினைத்தவன், சலங்கை கட்டிக்கொண்டு வீடெல்லாம் அலைந்தேன்.

உப்பூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, அடுப்படியில் அம்மா அத்தையிடம் சொன்னாள்: "இதுவும் தட்டிப்போச்சுன்னா உங்கண்ணன் இனி எவரையும் கூப்பிட மாட்டாரு. பாத்து நடந்துக்க தாயி."

அத்தை காப்பித் தட்டோடு போனாள். மாப்பிள்ளையின் அம்மாவிடம் குனிந்தபோது, இடது கண்ணின் ஓரத்தில் இமை மெல்ல எழுந்தது. பூரான் தலையைத் தூக்குவதைப் போல எழுந்து, காற்றில் ஆடியது. உள்ளே இருந்தது வெளியே வரப்போகிறது என்று எனக்குப் பட்டது. அத்தைக்கும் தெரிந்துவிட்டது போலும். தட்டைப் பிடித்தபடி தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் உடம்பால் மற்றவர்களுக்கு அத்தையை மறைத்துக்கொண்டார்.

"கண்ணுல தூசி விழுந்திருச்சு. வா தாயி, கழுவிட்டு வருவோம்."

சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான். கதவு இடுக்கு வரைக்கும்தான் வீரம் வந்தது.

"எண்ணெ போட்டுக் கழுவுனியா?" என்று கேட்டார் அவர், முந்தானையால் அத்தையின் கண்ணைத் துடைத்தபடி. "போட்டா, சோப்புத் தண்ணியில அலசணும்ல. பெறகு பசை எங்கன நிக்கும்?"

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எம் மவளுக்கு நாந்தான் கழுவிக் குடுப்பேன். மருந்து குடுத்ததுல முடி பூராம் போயிருச்சு அவளுக்கு."

"அவுக வரலையா?"

"கடைசி நாளும் நாந்தான் ஒட்டிவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா இமையை உரித்தெடுத்தார். அதை அலசி உதறி, அத்தை எடுத்துக் கொடுத்த பசையைத் தடவி ஒட்டினார். "மூடு" என்றார். அத்தை கண்களை மூடினாள். ஒட்டிய இமையின் மேல் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்களும் சிமிட்டவில்லை. நான் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"தட்ட மாத்திருங்கப்பா" என்று விரலை எடுக்காமலே வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். வெளியே பேச்சும் சிரிப்புமாகக் கலகலத்தது. அதற்குப் பிறகும் விரலை எடுக்கவில்லை.

பசை காய இவ்வளவு நேரமா ஆகும் என்று நினைத்துக்கொண்டேன்.